தொலைந்ததாக எண்ணப்பட்ட புரொஃபைல்கள்

லினக்ஸ் கணினியில் உலாவியைப் புதுப்பித்துவிட்டு முதன்முறை திறக்கிறோம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த புத்தகக்குறிகள் இல்லை, கடவுச்சொற்கள் இல்லை, நேற்று திறந்துவைத்திருந்த தாவல்களும் இல்லை. புதிதாக நிறுவியதுபோல ஒரு வெற்றுச் சாளரம் நிற்கிறது. புதுப்பிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்றுதான் எவரும் உடனே முடிவுகட்டுவார்கள். தொடக்ககால உலாவியான மொசைக்கின் காலம் தொடங்கி இன்றுவரை சேர்ந்திருக்கும் முப்பது ஆண்டுச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அந்த முடிவு நிற்பதில்லை. லினக்ஸில் உலாவிப் புதுப்பிப்பு ஒன்று பயனரின் புரொஃபைலை, அதாவது அவருடைய புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அடங்கிய அடைவை, உண்மையிலேயே அழித்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பழைய புரொஃபைல் வட்டில் அப்படியே கிடந்திருக்கிறது. புதிய உலாவி அதை வேறோர் இடத்தில் தேடியிருக்கிறது. தரவின் வடிவம் மாறியபோதெல்லாம் உலாவியை எழுதியவர்கள் பொறுப்பாகவே நடந்துகொண்டார்கள். தரவின் முகவரி மாறியபோதுதான் பயனர்கள் தவித்தார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை முறை காப்புநகல் எடுத்தாலும், தவறான அடைவை நகலெடுத்துக்கொண்டிருக்கும் ஆபத்து நீங்காது.

கதை உலாவிகளுக்கு முன்பே, யூனிக்ஸில் தொடங்குகிறது. பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் உருவான அமைப்பு அது. நிரல்கள் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். அவற்றை மாற்றும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டும். ஒவ்வொருவரின் கோப்புகளும் அவரவர் ஹோம் அடைவில் இருக்கும். ஒரு நிரலைப் புதுப்பிப்பதற்காக அங்கே எவரும் நுழைய வேண்டியதில்லை. 1994 பிப்ரவரியில் லினக்ஸுக்கென வெளியான முதல் கோப்பமைப்புத் தரநிலை இந்தப் பிரிவினையை எழுத்தில் வைத்தது. நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் அடைவை எழுத முடியாதபடி, வாசிப்புக்கு மட்டும் இணைத்தாலும் கணினி இயங்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. டெபியன் போன்ற வழங்கல்களின் தொகுப்பு மேலாளர்கள் இதே எல்லையை மதித்தே வளர்ந்தன. ஏப்டி கட்டளையால் ஒரு நிரலை வேரோடு நீக்கினாலும், ஈடிசி அடைவிலுள்ள பொது அமைப்புக் கோப்புகள் போகுமே தவிர ஹோம் அடைவில் அந்த நிரல் எழுதிவைத்தது போகாது. ஹோம் அடைவைத் தனிப் பகிர்வில் வைத்துக்கொண்டு, இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவும் பழக்கம் லினக்ஸ் பயனர்களிடையே வேரூன்றியதும் இந்த எல்லையின் மேல் வைத்த நம்பிக்கையால்தான்.

அந்த ஹோம் அடைவுக்குள் நிரல்கள் தங்கள் குறிப்புகளைப் புள்ளியில் தொடங்கும் பெயர்களில் வைக்கும். இந்த வழக்கம் எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல என்று யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் எழுதினார். அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாமலிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்த குறுக்குவழியால், புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளுமே கண்ணுக்கு மறைந்தன. சோம்பல் கொண்ட நிரலாளர்கள் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அவர் கருத்து. நம் கதைக்கு இது சிறிய செய்தி அல்ல. பயனரின் மிக மதிப்புள்ள தரவு, அவர் சாதாரணமாகப் பார்க்கவே முடியாத அடைவில் குடியேறியது இப்படித்தான். இருக்கும் இடம் தெரியாத பொருள், இடம் மாறினாலும் தெரியாது.

1993இல் வந்த மொசைக்கின் யூனிக்ஸ் பதிப்பு, பயனர் குறித்துவைத்த பக்கங்களை ஹோம் அடைவில் '.மொசைக்-ஹாட்லிஸ்ட்-டிஃபால்ட்' என்ற ஒரே கோப்பில் எழுதியது. சென்ற பக்கங்களின் பட்டியலுக்கு இன்னொரு கோப்பு. அடுத்து வந்த நெட்ஸ்கேப், '.நெட்ஸ்கேப்' என்ற அடைவை உருவாக்கி, புத்தகக்குறிகள், குக்கீகள், விருப்பங்கள் எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்தது. புத்தகக்குறிகள் சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக இருந்தன. எந்த உரைத்திருத்தியிலும் திறந்து வாசிக்கலாம். அந்தக் கோப்பின் தலைவரி இன்றைய உலாவிகள் புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்யும் கோப்பிலும் அப்படியே இருக்கிறது. நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் போய்விட்டது, அதன் வடிவம் போகவில்லை. ஒரே அடைவை இரண்டு உலாவிகள் ஒரே நேரத்தில் எழுதிக் கெடுத்துவிடாதபடி, கணினியின் முகவரியையும் செயல்முறை எண்ணையும் சுட்டும் ஒரு பூட்டு இணைப்பையும் நெட்ஸ்கேப் அங்கே வைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் அதே முறையில் பூட்டு வைக்கிறது; குரோமின் பூட்டும் இதே மரபில் வந்ததுதான்.

யூனிக்ஸில் இயங்கிய நெட்ஸ்கேப் 4இல் புரொஃபைல் மேலாளர் என்று எதுவும் கிடையாது. விண்டோஸ் பதிப்பில் இருந்தது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே விண்டோஸ் 95 கணினியைப் பயனர் வேறுபாடின்றிப் பயன்படுத்திய காலத்தில், யாருடைய புத்தகக்குறி யாருடையது என்று பிரிக்க உலாவியே ஒரு வழி செய்துதர வேண்டியிருந்தது. யூனிக்ஸில் அந்தத் தேவை எழவில்லை. பயனரின் ஹோம் அடைவே அவருடைய புரொஃபைல். 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப்பின் மூலநிரல் திறந்துவிடப்பட்டு மொசில்லா திட்டம் உருவானபின், எல்லா இயங்குதளங்களுக்கும் ஒரே நிரல் என்ற கொள்கையால் புரொஃபைல் மேலாளர் லினக்ஸுக்கும் வந்தது. ஹோம் அடைவு என்ற ஓர் அடுக்கு ஏற்கெனவே இருக்க, அதற்குள் இரண்டாவது அடுக்கு. அத்தோடு, தீய நிரல் எதுவும் பாதையை ஊகித்துக் கோப்பைப் பறித்துவிடாதபடி, புரொஃபைல் அடைவின் பெயரில் எட்டு எழுத்துத் தற்செயல் சரமும் சேர்ந்தது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிலிருந்து 'என் புரொஃபைல் எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல முடியாமல் போனது. தற்செயல் எழுத்துகளைக் கொண்ட இரண்டு அடைவுகள் அடுத்தடுத்து இருந்தால், எது நேற்றுவரை பயன்பட்டது, எது இன்று பிறந்தது என்று பெயரைக் கொண்டு சொல்ல முடியாது. எந்தப் புரொஃபைல் எந்த அடைவில் என்பதைச் சொல்லும் சிறு பட்டியல் கோப்பு ஒன்று உண்டு. பின்னாளில் நேர்ந்த குழப்பங்களில் பெரும்பகுதி அந்தப் பட்டியலைச் சுற்றியே நடந்தது.

பெயரும் முகவரியும் வெவ்வேறு என்பதற்கு மொசில்லாவின் குழந்தையே முதல் சான்று. 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளியான உலாவி, வணிகச் சின்னச் சிக்கலால் 2003இல் ஃபயர்பேர்ட் ஆனது. அதே பெயரில் ஏற்கெனவே இயங்கிய தரவுத்தளத் திட்டம் எதிர்த்ததால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. இரண்டு முறை பெயர் மாறியபோதும் லினக்ஸில் அதன் புரொஃபைல் '.ஃபீனிக்ஸ்' என்ற பழைய அடைவிலேயே இருந்தது; எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு ஜூனில் வந்த 0.9 பதிப்பு '.மொசில்லா' அடைவுக்குள் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற புதிய இடத்துக்கு மாறியது. பழைய ஃபீனிக்ஸ் அடைவிலிருந்து தரவை எடுத்துவரத் தனி நிரல்பகுதியே எழுதியிருந்தார்கள் என்றாலும், நீட்சிகளுக்கான ஏற்பாடு முற்றிலும் புதிதாகிவிட்டதால் பழைய நீட்சிகள் கூடவரவில்லை. இரண்டு பெயர் மாற்றங்கள் செய்யாத கலக்கத்தை ஒரே ஓர் இடமாற்றம் செய்தது.

தரவின் வடிவம் மாறியபோது என்ன ஆயிற்று என்பதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3, அதுவரை எச்டிஎம்எல் கோப்பிலிருந்த புத்தகக்குறிகளையும், மார்க் என்ற, வாசிக்கவே கடினமான வடிவத்திலிருந்த வரலாற்றையும், உரைக்கோப்பிலிருந்த குக்கீகளையும் எஸ்க்யூலைட் தரவுத்தளங்களுக்கு மாற்றியது. இதைவிடப் பெரிய உள்மாற்றம் அந்த உலாவியின் புரொஃபைல் வரலாற்றில் இல்லை. முதல்முறை திறக்கும்போதே பழைய கோப்புகளை வாசித்துப் புதிய தரவுத்தளத்தை நிரப்பிக்கொள்ளும்படி அதை எழுதினார்கள். புத்தகக்குறிகளுக்குத் தேதியிட்ட காப்புநகல்கள் புரொஃபைலுக்குள்ளேயே தனி அடைவில் சேர்ந்துவந்தன. எழுதியது வட்டில் உண்மையிலேயே பதிந்ததா என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொள்ளும் வழக்கத்தால், சோதனைப் பதிப்புகளில் லினக்ஸ் பயனர்கள் கணிசமான விலையும் கொடுத்தார்கள். அப்போது பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 கோப்பமைப்பில், ஒரு கோப்பை வட்டில் பதி என்று கட்டளையிட்டால் காத்திருந்த மற்ற எல்லாத் தரவும் சேர்ந்தே பதியும். பின்னணியில் பெரிய கோப்பொன்று நகலாகிக்கொண்டிருந்தால் உலாவி நொடிக்கணக்கில் உறைந்து நிற்கும். வெளியீட்டுக்கு முன் அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தவேண்டியிருந்தது. புரொஃபைலின் பாதுகாப்புக்காக வேகத்தையே பணயம்வைத்து வாதாடிய ஒரு குழு, பயனரின் தரவை அலட்சியமாக நடத்தியது என்று எவரும் சொல்ல முடியாது.

அதன்பின் வடிவ மாற்றங்கள் ஓயவில்லை. கடவுச்சொற்கள் உரைக்கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்கும், 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் 32இல் ஜேசன் கோப்புக்கும் போயின. அவற்றைத் திறக்கும் குறியாக்கச் சாவியும் சான்றிதழ்களும் 2018 ஜனவரியில் 58ஆம் பதிப்பில் எஸ்க்யூலைட்டுக்கு வந்தன. தரவுத்தளத்தின் உள்ளமைப்புக்கு ஓர் எண் உண்டு. உலாவி திறக்கும்போது அந்த எண்ணைப் பார்த்து, பழையதாக இருந்தால் படிப்படியாக உயர்த்திக்கொள்ளும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய பதிப்புகள் என்றிருந்த நிலை 2011இல் ஆறு வாரத்துக்கு ஒன்று என்றும், 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று என்றும் மாறியது. வடிவ மாற்றம்தான் புரொஃபைல்களைக் கொல்கிறது என்றால், 2011க்குப் பிறகு லினக்ஸ் பயனர்கள் மாதந்தோறும் தரவை இழந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. மேம்படுத்தல் அடிக்கடி நடந்ததாலேயே அது எவரும் கவனிக்காத வழக்கமாயிற்று. உலாவி திறந்திருக்கும்போதே தொகுப்பு மேலாளர் அதன் கோப்புகளை மாற்றிவிட்டால், தொடர்வதற்கு முன் மறுதொடக்கம் தேவை என்று சொல்லி நிற்கும் அளவுக்கு அந்த வழக்கம் முதிர்ந்துவிட்டது.

இதற்கு எதிராக மூன்று நிகழ்வுகளைச் சுட்டலாம், மூன்றும் கனமானவை. முதலாவது, 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தும் அன்று செயலிழந்தன. புரொஃபைல் அப்படியே இருந்தும், அதைத் தனக்கேற்றபடி செதுக்கிவைத்திருந்தவருக்கு அது பெரிய இழப்பு. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அது தவறுதலாகத் தொலைந்ததல்ல. முன்கூட்டியே அறிவித்துத் தெரிந்தே எடுத்த முடிவு. சரியா தவறா என்று வாதிடலாம், விபத்து என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஓப்பரா. 2013இல் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுப் புதிய அடித்தளத்தில் வந்த ஓப்பரா 15, வழக்கமான புத்தகக்குறி வசதிகூட இல்லாமல் வெளியானது. லினக்ஸ் பயனர்களுக்கு அதுவும் இல்லை. 2014 இறுதியில் 26ஆம் பதிப்பு வரும்வரை அவர்கள் 12ஆம் வரிசையிலேயே நின்றார்கள். அதை மேம்படுத்தல் என்று அழைத்ததே பொருத்தமில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு நிரல் வந்தது. மூன்றாவது, பின்னோக்கிப் போகும் பிரச்சினை. ஃபயர்ஃபாக்ஸ் 58இல் உருவான புரொஃபைலை முந்தைய பதிப்புகளில் பயன்படுத்த ஆதரவில்லை என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள். வடிவ மாற்றத்தால் வரும் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான்: அது ஒருவழிப் பாதை. புதிய பதிப்பு பழையதை வாசிக்கும், பழையது புதியதை வாசிக்காது. ஆகவே மேம்படுத்துவதற்கு முன் எடுக்கும் காப்புநகல், திரும்பிவர விரும்புகிறவருக்கே உயிர்நாடி. முன்னோக்கியே செல்கிறவருக்கு அதைவிட முக்கியம், புதிய உலாவி எந்த முகவரியில் தேடப்போகிறது என்று அறிவது.

முகவரியின் வலிமையை டெபியனின் வரலாறு ஒரு பரிசோதனைபோலவே காட்டுகிறது. 2006இல் ஃபயர்ஃபாக்ஸின் சின்னத்துக்கான உரிமம், திருத்தங்களுக்கான ஒப்புதல் ஆகியவை குறித்து மொசில்லாவுக்கும் டெபியனுக்கும் எழுந்த கருத்துவேறுபாட்டால், டெபியன் அந்த உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில் வழங்கத் தொடங்கியது. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் நிரல் ஐஸ்டவ் ஆனது. ஐஸ்வீசலின் பெயரும் படமும் மாறினாலும், புரொஃபைலை அது '.மொசில்லா' அடைவின் ஃபயர்ஃபாக்ஸ் பகுதியிலேயே வைத்தது. பத்தாண்டு கழித்து 2016இல் சிக்கல் தீர்ந்து ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் திரும்பியபோது, புரொஃபைல் அடைவு இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பிவந்த பெயர் அதை நேரே திறந்துகொண்டது. ஐஸ்டவ் அப்படியல்ல. அது '.ஐஸ்டவ்' என்ற தனி அடைவை வைத்திருந்ததால், 2017இல் தண்டர்பேர்டாகத் திரும்பியபோது ஆண்டுக்கணக்கான மின்னஞ்சல்களை '.தண்டர்பேர்ட்' அடைவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. டெபியன் பராமரிப்பாளர்கள் அதற்கென ஒரு தொடக்க நிரலை எழுதினார்கள். பயனர் முதல்முறை திறக்கும்போது அது பழைய அடைவைக் கண்டறிந்து தரவைப் புதிய இடத்துக்குக் கொண்டுசென்றது. பழையதை அழிக்காமல், இது நகர்த்தப்பட்டது என்று சொல்லும் பெயரில் விட்டுவைத்தது. தொகுப்பை நிறுவும் வேளையில் நிர்வாகி அதிகாரத்தோடு எல்லோருடைய ஹோம் அடைவுகளிலும் நுழைந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, பயனர் தாமே நிரலைத் திறக்கும்வரை காத்திருந்தார்கள். முகவரி மாற்றுகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

2019 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67, நல்ல நோக்கத்தோடு சிக்கலான ஒரு காரியத்தைச் செய்தது. அதுவரை ஒரே கணினியில் நிலைப்பதிப்பு, சோதனைப் பதிப்பு என்று எத்தனை நிறுவினாலும் எல்லாம் ஒரே இயல்புப் புரொஃபைலைத் திறக்கும். புதிய பதிப்பு வடிவத்தை உயர்த்திவிட, பழையது அதைத் திறந்து தடுமாறும். இதைத் தடுக்க, ஒவ்வொரு நிறுவலுக்கும் அது வட்டில் இருக்கும் பாதையை வைத்து ஓர் அடையாளம் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் கொடுத்தார்கள். பழைய பதிப்பு புதிய புரொஃபைலைத் திறக்க முயன்றால் எச்சரித்து நிறுத்தும் தடையும் அப்போதே வந்தது. விண்டோஸில் பாதை பெரும்பாலும் மாறுவதில்லை. லினக்ஸிலோ அதே உலாவி வழங்கலின் தொகுப்பாக ஓரிடத்தில் இருக்கும், மொசில்லா தரும் சுருக்கக் கோப்பாக இன்னோரிடத்தில் இருக்கும். டெபியனில் நீண்டகால ஆதரவுப் பதிப்பும் வழக்கமான பதிப்பும் வெவ்வேறு அடைவுகளில் நிறுவப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர், அதை மேம்படுத்தல் என்றே நினைக்கிறார்; உலாவியின் கணக்கில் அது புதிய நிறுவல். பழைய புரொஃபைல் பக்கத்து அடைவிலேயே இருக்க, வெற்றுப் புரொஃபைல் ஒன்று திறக்கிறது. முகவரிப்பட்டையில் 'அபவுட்: புரொஃபைல்ஸ்' பக்கத்தைத் திறந்து பழையதை இயல்பாக்கினால் எல்லாம் திரும்பிவிடும். அந்தப் பக்கம் இருப்பதே தெரியாதவருக்கு அது நிரந்தர இழப்பு. பாதையை அடையாளமாகக் கொள்வது லினக்ஸில் எவ்வளவு நிலையற்றது என்பதை மொசில்லாவே ஓரிடத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிரலைத் தனிக் கூண்டுக்குள் வைத்து இயக்கும் உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்பு முறையில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பாதை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கே மட்டும் பழைய முறையையே தொடரும்படி விலக்கு வைத்தார்கள்.

ஸ்னாப் வந்தபோது மாறியது முகவரி மட்டுமல்ல, யூனிக்ஸ் எல்லையும் சேர்ந்தே மாறியது. உபுண்டு 2019இல் குரோமியத்தையும், 2021 அக்டோபரில் 21.10 பதிப்பில் இயல்பு நிறுவலாக ஃபயர்ஃபாக்ஸையும் ஸ்னாப்பாக்கியது. 2022 ஏப்ரலில் வந்த 22.04இல், ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயருள்ள, ஏப்டி நிறுவும் டெப் தொகுப்பு ஸ்னாப்பை நிறுவும் வெறும் வழிகாட்டியாயிற்று. ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைல் ஹோம் அடைவின் '.மொசில்லா'விலிருந்து, ஸ்னாப் அடைவுக்குள் இருக்கும் பொதுப்பகுதிக்குப் போனது. முதல்முறை திறக்கும்போது பழைய புரொஃபைல் புதிய இடத்துக்கு நகலாகும்படி செய்திருந்தார்கள். அதுவரை பொறுப்பான செயல்தான். ஆனால் அது நகர்த்தல் அல்ல, நகல். ஒரே மனிதரின் புரொஃபைல் அன்றிலிருந்து இரண்டானது. ஒன்று தினமும் வளர்ந்தது, மற்றது மாறிய நாளிலேயே நின்றுவிட்டது. 2024 ஜனவரியில் மொசில்லா தன் சொந்த டெப் களஞ்சியத்தில் நிலைப்பதிப்பை வழங்கத் தொடங்கியபோது ஸ்னாப்பை விட்டுத் திரும்பிய பயனருக்கு, புத்தகக்குறிகள் இருந்தன, கடவுச்சொற்களும் இருந்தன, எல்லாம் அவர் ஸ்னாப்புக்கு மாறிய நாளோடு நின்றிருந்தன. போகும் திசைக்குப் பாலம் கட்டியவர்கள் திரும்பும் திசைக்குக் கட்டவில்லை.

அதைவிடக் கடுமையானது அடுத்தது. ஸ்னாப் தொகுப்பை நீக்கினால், ஹோம் அடைவிலிருக்கும் அதன் தரவும் சேர்ந்து நீக்கப்படும். நீக்குவதற்கு முன் தானாக ஒரு காப்புப்பதிவு எடுக்கிறது, இயல்பாக 31 நாள் வைத்திருக்கிறது, அதன்பின் அதுவும் போய்விடும். முழுதாக நீக்கும் விருப்பத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவும் எடுக்கப்படாது. ஏப்டி கட்டளையின் பழக்கத்தில் ஊறியவர், நிரலைத்தானே நீக்குகிறோம், தரவு எப்போதும்போல ஹோமில் இருக்கும் என்று நம்பி நீக்குகிறார். முப்பது ஆண்டுகளாக உண்மையாயிருந்த அந்த நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்னவற்றுள் தரவு உண்மையிலேயே அழியும் இடம் இதுதான். அதுவும் வடிவம் மாறியதால் நேரவில்லை, நிரலுக்கும் பயனருக்கும் இடையிலிருந்த எல்லை நகர்ந்ததால் நேர்ந்தது. ஃபிளாட்பேக் என்ற மற்றொரு தொகுப்பு முறையும் உலாவியைத் தனிக் கூண்டுக்குள் வைத்து, புரொஃபைலை '.வார்' அடைவுக்குள் கொண்டுபோகிறது. ஆனால் நிரலை நீக்கும்போது, தரவையும் அழி என்று தனியே சொன்னால்தான் அழிக்கிறது. இரண்டு கூண்டுகளும் ஏறத்தாழ ஒரே பாதுகாப்புக் காரணத்துக்காகத் தோன்றியவை. ஆகவே, கூண்டு வேண்டுமென்றால் தரவு இப்படித்தான் போகும் என்ற சமாதானம் நிற்காது.

ஒத்திசைவுச் சேவை இருக்கும்போது இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. மொசில்லா ஆய்வகத்தில் 2007இல் வீவ் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இல் உள்ளிணைந்த வசதியானது. புத்தகக்குறி, வரலாறு, கடவுச்சொல், திறந்த தாவல்கள், நீட்சிகளின் பட்டியல் ஆகியவற்றை அது கொண்டுவரும். குக்கீகளையும், தளங்கள் உள்ளூரில் சேமித்த தரவையும், பயனர் நிறுவிய சான்றிதழ்களையும் கொண்டுவராது. அலுவலகச் சான்றிதழை வைத்து அரசு வலைத்தளத்தில் கையொப்பமிடும் ஒருவருக்கு இந்த விடுபடல் ஒரு நாள் வேலையையே நிறுத்திவிடும். மேலும் ஒத்திசைவு என்பது ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்துவது. ஒரு கணினியில் தவறுதலாக அழித்தது மற்றவற்றிலும் அழியும். அதைக் காப்புநகலாக நம்பக்கூடாது என்று மொசில்லாவே சொல்லிவருகிறது. அடைவை நகலெடுத்தால் போதும் என்ற எதிர்த்திசை வாதத்துக்கும் வரம்பு உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் கடவுச்சொல் கோப்பும் அதன் சாவியும் ஒரே புரொஃபைலுக்குள் இருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுத்தால் வேறு கணினியிலும் திறக்கும். லினக்ஸ் குரோமில் சாவி பெரும்பாலும் க்னோம் அல்லது கேடிஈயின் சாவிப்பெட்டியில், புரொஃபைலுக்கு வெளியே இருக்கிறது. அடைவை மட்டும் எடுத்துச்சென்றால் கடவுச்சொற்கள் இருந்தும் திறக்காது. உலாவி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகலிலும் குறை உண்டு. எஸ்க்யூலைட் சமீபத்திய மாற்றங்களைப் பக்கத்துக் கோப்பு ஒன்றில் வைத்துப் பிறகே பெரிய கோப்பில் சேர்ப்பதால், பெரிய கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாக எழுதியவை விடுபடலாம். உலாவியை மூடிவிட்டு முழு அடைவையும் எடுப்பதே முறை.

இடமாற்றமே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. 2003இல் உருவான எக்ஸ்டிஜி அடிப்படை அடைவுத் தரநிலை, ஹோம் அடைவில் புள்ளிக் கோப்புகள் கண்டபடி குவிவதை ஒழுங்குபடுத்தி, அமைப்புகளுக்கு '.கான்ஃபிக்', தற்காலிகத் தரவுக்கு '.கேஷ்' என்று இடம் பிரித்துத் தந்தது. காப்புநகல் எடுக்கிறவருக்கு இது பெரிய உதவி. தூக்கி எறியத்தக்கது எது, போற்றத்தக்கது எது என்று அடைவின் பெயரே சொல்லிவிடும். 2010 மே மாதம் லினக்ஸில் நிலைப்பதிப்பாக வந்த குரோம் தொடக்கத்திலிருந்தே '.கான்ஃபிக்'கில் குடியேறியது, அதற்கு மாற்றவேண்டிய பழைய முகவரி இல்லை. ஃபயர்ஃபாக்ஸிடம் இந்தக் கோரிக்கை 2004இலேயே வழுப்பதிவில் எழுந்தது. இருபது ஆண்டுக்கு மேல் திறந்தே இருந்தது. இவ்வளவு காலம் ஏன் என்று பலர் சலித்துக்கொண்டதுண்டு. ஃபீனிக்ஸ் தொடங்கி ஸ்னாப் வரையிலான இடமாற்றங்களைப் பார்த்தபின் அந்தத் தயக்கத்தில் பாதியையாவது நான் நியாயம் என்பேன். கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு தயக்கத்தின் பயனைக் காட்டுகிறது. ஹோம் அடைவில் பழைய '.மொசில்லா' இருந்தால் உலாவி அதையே தொடர்ந்து பயன்படுத்தும். அது இல்லாத புதிய பயனருக்கு மட்டுமே '.கான்ஃபிக்'கில் புரொஃபைல் பிறக்கும். எவருடைய தரவையும் நகர்த்தாமல் முகவரியை மாற்றும் வழி இது. இதிலும் ஒரு வேலை மீதமிருக்கிறது. '.மொசில்லா'வை மட்டும் குறிவைத்து எழுதிய காப்புநகல் நிரல்கள் பழைய கணினியில் ஒழுங்காக இயங்கும். புதிய கணினியில் அந்த அடைவே இல்லாததால், எடுக்கவேண்டிய புரொஃபைலைத் தொடாமலே முடிந்துவிடக்கூடும். அவற்றை எழுதிவைத்திருப்பவர்கள், உலாவியின் 'அபவுட்: சப்போர்ட்' பக்கத்தில் காட்டப்படும் புரொஃபைல் பாதையை ஒருமுறை பார்த்து, இரண்டு இடங்களையும் சேர்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.